ரோஷக்காய்

விதை ஆராய்ச்சிப் பண்ணையில் ரெஜினாவுக்குச் சம்பளம் கொடுத்தது கைக்கோ காலுக்கோ அல்ல, நாக்குக்கு.

காலை எட்டு மணிக்கு அவள் முன்னால் ஒரு தட்டு வரும். அதில் எண் ஒட்டிய வெள்ளரிப்பிஞ்சுகள் இருபது இருக்கும். ஒவ்வொன்றிலும் காம்புப் பக்கமாக ஒரு கடி. கசப்பு இருந்தால் அங்கேதான் முதலில் ஏறும். மென்று, இருபது எண்ணுவதற்குள் துப்பிவிட்டு, தாளில் குறி போட வேண்டும். கசந்தால் பெருக்கல், கசக்காவிட்டால் சுழி. பிறகு மோரால் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த காய். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. கசப்பை அளக்கிற கருவி ஒன்றும் அங்கே இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அது ஒன்று சொல்லி ரெஜினா வேறு சொன்னால், கருவியைத்தான் பழுது பார்த்தார்கள்.

ஊரில் அவளுக்கு நாக்குக்காரி என்று பெயர். நாலு பேர் கூடின இடத்தில் வாயே திறக்காதவளுக்கு அப்படி ஒரு பெயர் வாய்த்தது.

ஊசி ஈ வந்த கதையை வேடசந்தூர்ப் பக்கம் யாரும் விரும்பிப் பேச மாட்டார்கள். அரிசி அளவு ஈ. பிஞ்சில் ஊசி ஏற்றின மாதிரி ஒரு துளை போட்டு முட்டை வைத்துவிட்டுப் போகும். நாலாம் நாள் காய்க்குள் புழு நெளியும். பழ ஈ என்று ஒன்று முன்பும் உண்டு. அது மருந்துக்குப் பயந்தது. அதன் வம்சத்தில் பிறந்த இது எந்த மருந்துக்கும் மசியவில்லை. மூன்றே வருஷத்தில் வெள்ளரி போனது. பின்னாலேயே பீர்க்கு, புடலை, சுரை, பூசணி, தர்பூசணி எல்லாம் போயின. கொடியில் காய்க்கிற எதையும் அது விட்டுவைக்கவில்லை. பாகல் மட்டும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தது.

ரெஜினாவின் தங்கை ஜெனிதா வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தவள். அவர்களுடைய அம்மா உட்கார்ந்து விற்ற அதே தூணடி. ஈ வந்ததும் கூடையைப் பரணில் கவிழ்த்துவிட்டு நூல் மில்லுக்குப் போனாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, படி ஏறினால் மூச்சு வாங்குகிற நிலைக்கு வந்தாள். புருஷன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். இருந்தது ஒரே மகள், மெர்லின். அவள் திண்டுக்கல்லில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள்.

பண்ணையின் தலைமை ஆராய்ச்சியாளர் டாக்டர் நிவேதன் சென்னைக்காரர். ரெஜினாவைவிடப் பத்து வயது இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் தரிசில் கிடந்த, கசப்புக்குப் பேர்போன பேய்க்கொம்மட்டிக் காய் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

“இதைக் கடிக்கச் சொல்லிறாதீங்க சார்.”

“மாட்டேன்க்கா. இதுல ஈ குத்தின தழும்பு ஒண்ணு காட்டுங்க பாப்போம்.”

ரெஜினா உருட்டிப் பார்த்தாள். ஒரு தழும்பும் இல்லை.

“காட்டுல இருந்தப்ப வெள்ளரி, சுரை எல்லாமே இப்படித்தான் கசந்துச்சு. அந்தக் கசப்புதான் அதுங்களுக்குக் காவல். மனுஷன் கடிச்சுக் கடிச்சுப் பாத்து, கசக்காததாப் பொறுக்கி விதை எடுத்தான். ஆயிரக்கணக்கான வருஷமா, எல்லாம் உங்கள மாதிரி நாக்குக்காரங்க. கசப்பு போச்சு, காவலும் போச்சு. ஈக்கு நாமளே இலை போட்டு வெச்சிட்டோம்.”

“கசப்பைத் திருப்பிக் கொண்டாந்தா எவன் சார் வாங்குவான்?”

“எப்பவும் கசக்க வேணாம். காயம் பட்டா மட்டும் ஊறினாப் போதும். ஈ குத்தாத காய் கரும்பு. குத்தின காய்ல ஆறு மணி நேரத்துல விஷம் ஏறிடும். புழு முதல் வாயிலேயே சாகும். அந்தக் காயை நாம பறிச்சு எறிஞ்சிடலாம். மிச்சமெல்லாம் நமக்கு.”

ரெஜினா சிரித்தாள். “தொட்டா கோவிச்சுக்கிற காயா? ரோஷக்காய்ன்னு பேரு வைங்க சார்.”

பெயர் ஒட்டிக்கொண்டது. விதைப் பையில் அச்சடித்தது வேறு ஏதோ பெயர். அதை யாரும் வாயால் சொன்னதில்லை.

நாலு வருஷம் தலைமுறை தலைமுறையாக அந்தக் காய் அவள் பல்லுக்கு வந்து போனது. முதல் வருஷம் தாள் முழுக்கப் பெருக்கல். மூன்றாம் வருஷம் பாதிக்குப் பாதி. கடைசியில் ஒரு பட்டம் முழுவதும் சுழியாகவே விழுந்தது. அந்தத் தாள்களின் அடியில், சுவை சரிபார்த்தவர் என்ற இடத்தில், ரெஜினா கையெழுத்துப் போட்டாள். விதை வெளியே போனது. இரண்டே பட்டத்தில் கொடிகள் மறுபடி வரப்பேறி வழிந்தன. ஊசி ஈயைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது, அதனால் மற்ற கொடிகளும் பிழைத்தன. ஒரு கடையில் தர்பூசணி குவிந்திருப்பதைப் பார்த்து ரெஜினா பாதையில் நின்றே அழுதாள். தன் வாழ்நாளில் உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ஜெனிதா மில்லை விட்டாள். கூடை பரணிலிருந்து இறங்கியது.

பிஞ்சைக் கீறுவதில் ஒரு கணக்கு உண்டு. காம்பை விட்டுவிட்டு நுனியிலிருந்து நாலாகப் பிளந்தால் பூ மாதிரி விரியும், உதிராது. ஜெனிதா விடியற்காலையிலேயே கூடை முழுவதையும் கீறி, ஈரச் சாக்கின் மேல் நிறுத்தி வைத்துவிடுவாள். பஸ் நிற்பது இரண்டு நிமிஷம். ஜன்னலில் கை நீட்டுகிறவனிடம் அப்புறம் கத்தியை எடுத்துக் கீறிக்கொண்டிருக்க முடியாது. விரிந்த இடத்தில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி நீட்டினால் சரியாக இருக்கும்.

“எங்கக்கா கடிச்சுப் பாத்து விட்ட காய்ண்ணே. கசந்தா காசு வேணாம்.” அதுதான் அவள் கூவல். மற்ற பெண்களுக்கு அப்படிச் சொல்ல அக்கா இல்லையே என்று பொறாமை.

கூடையில் பெரும்பகுதி மதியத்துக்குள் விற்றுத் தீரும். சாயங்காலம் மிஞ்சுகிற கீறிய காய் மறுநாளைக்கு ஆகாது. வெள்ளரி விற்கிற எந்த வீட்டிலும் அதுதான் சோற்றுக்குத் தொடுகறி. ரெஜினாவும் ஜெனிதாவும் அவர்கள் அம்மா விற்று மிஞ்சியதைத் தின்று வளர்ந்தவர்கள்தான். இப்போது ஜெனிதா தனியாக உட்கார்ந்து தின்றாள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தவள், அவள் முன்னால் தலையை நீட்டினாள். ரெஜினா சீப்பை இழுத்தாள். முடி கொத்தாகச் சீப்போடு வந்தது.

“என்னடி, சடை எலிவால் மாதிரி ஆயிருச்சு?”

“போர் தண்ணிக்கா. உப்புன்னா உப்பு, அப்படி ஒரு உப்பு.”

“வயிறு வலிக்குதுன்னியே, பாத்தியா?”

“மில்லுல தின்ன பஞ்சு இன்னும் உள்ளதான இருக்கு.” ஜெனிதா சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு அம்மாவின் முகம் வந்துவிடும்.

அந்த வாரம் ரெஜினா பஸ் ஸ்டாண்டு பக்கம் போனபோது வெள்ளரி விற்கிற ஏழு பெண்களும் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். வெயிலுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனாள். அதை நினைத்துப் பிற்பாடு அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஜெனிதா ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்தாள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். சோறும் வெள்ளரியும் என்றாள் ரெஜினா. அவர் தலையாட்டிவிட்டு, வேறு என்ன என்று கேட்டார். வெள்ளரியைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? வெள்ளிக்கிழமை மதியம் ஜெனிதா போய்ச் சேர்ந்தாள். முப்பத்தொன்பது வயது. பக்கத்து வார்டில் அதே தூண் வரிசையில் விற்கிற இன்னொருத்தியும், அவளுடைய ஆறு வயதுப் பையனும் கிடந்தார்கள். அவர்களும் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து ஜெனிதாவின் வீட்டைக் கழுவும்போது ரெஜினா அந்தக் கூடையைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக் காய்கள். வாடாமல், காம்பு பச்சையாக, விரித்த பூவாகவே நின்றன. அந்த வீட்டுச் சமையலறையில் எறும்புக்குப் பயந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குள்தான் சர்க்கரை டப்பாவை வைப்பார்கள். அந்த எறும்புச் சாரி கூடைக்கு ஒரு முழம் முன்பே வளைந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தது.

அவள் ஒரு காயை எடுத்து, தண்ணீரில் கழுவிவிட்டு, காம்புப் பக்கமாகக் கடித்தாள். எண்ணத் தொடங்கினாள். இரண்டு எண்ணுவதற்குள் கசப்பு பிடரி வரை அடித்தது. பதினோரு வருஷத்தில் அப்படியொரு கசப்பை அவள் ருசித்ததில்லை. வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினாள்.

மிச்சக் காய்களைத் துணியில் கட்டிக்கொண்டு நேரே பண்ணைக்குப் போனாள். நிவேதன் ஒன்றை அறுத்துக் கருவியில் வைத்தார். கருவி காட்டிய எண்ணைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இது எப்ப கீறின காய்?”

“செவ்வாக்கிழமை காலையில. எல்லாரும் அப்படித்தான் சார் வெப்பாங்க. காலையில கீறி சாயங்காலம் வரைக்கும் விப்பாங்க.”

“காம்போடயா?”

“காம்போடதான். இல்லன்னா உதிர்ந்துருமே.”

அவர் கருவியின் எண்ணை மறுபடி பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வட்டம் வட்டமா நறுக்கினா காய் செத்துடும்க்கா, ஒண்ணும் ஊறாது. அதைச் சோதிச்சிருக்கோம். இது காம்போட நிக்குது. உயிரோட இருக்கு. உடம்புல நாலு நீளக் காயம். கத்திய ஈன்னு நினைச்சு, அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எட்டு மணி நேரம் விஷத்தை ஊற வெச்சிருக்கு.”

“கீறி வெச்சு யாரும் பாக்கலையா சார்?”

“கடிச்சு இருபது எண்ணுறதுக்குள்ள எழுதணும், அதான முறை. கீறி நிப்பாட்டி வெச்சு விப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பஸ்ல போனதே கிடையாது.” குரல் இறங்கியது. “உங்களுக்குத் தெரியுமே அக்கா.”

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். காயம் பட்டால் விஷம் ஊறும் என்று முதல் நாளே அவளிடம் சொன்னார்கள். பிஞ்சைக் கீறி வைப்பார்கள் என்பது அவள் அம்மா மடியிலேயே கற்றது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் ரெஜினாதான். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை. அன்று பண்ணையிலிருந்து எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

மற்ற ஊர்களிலிருந்தும் செய்தி வந்தது. எல்லாம் பஸ் ஸ்டாண்டுகள், ரயிலடிகள், சந்தைகள். விசாரணைக் குழு ஒன்று வந்து பண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்தது. ரெஜினாவின் தாள்களைப் புரட்டிவிட்டு, காயில் குறையில்லை, கீறி வைப்பதில்தான் குறை என்று எழுதியது. வெள்ளரிப்பிஞ்சைக் கீறி விற்கத் தடை வந்தது. பஸ் ஸ்டாண்டில் பெண்களின் கூடைகளைப் பிடுங்கி லாரியில் எறிந்தார்கள். தலையில் முடியில்லாத பெண்கள் லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார்கள்.

“விதையை நிறுத்த மாட்டாங்களா சார்?” என்று ரெஜினா கேட்டாள்.

“நிறுத்தினா அடுத்த பட்டத்துக்கே ஊசி ஈ திரும்பும். கொடிப்பயிர் ஒண்ணும் மிஞ்சாது. அது வேற சாவு.” நிவேதனுக்கும் அந்த ஒரு மாதத்தில் கண் குழி விழுந்திருந்தது. “நீங்க போயிடாதீங்கக்கா. இதைச் சரி பண்ணிடறேன். இனிமே கீறி எட்டு மணி நேரம் வெச்ச காயைத்தான் உங்களுக்குக் குடுப்பேன். நீங்க சரின்னாதான் வெளியே போகும்.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ரெஜினா வேலையை விடவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அவளும் மெர்லினும் உட்கார்ந்திருந்தார்கள். மெர்லின் மண்ணில் விரலால் கோடு போட்டுக்கொண்டே பேசினாள்.

“பெரியம்மா, நான் ஒண்ணு சொல்லணும். அம்மாவுக்குக் கசந்துச்சு.”

“என்னம்மா சொல்ற?”

“நான் கடைசியா வந்த ஞாயித்துக்கிழமை. சோத்துக்கு உக்காந்து வெள்ளரிய வாயில வெச்சுட்டு மூஞ்சியச் சுளிச்சுச்சு. மூணு வாரமாவே இப்படித்தான் கசக்குதுன்னுச்சு. துப்பும்மான்னேன். துப்பல.” மெர்லினின் விரல் நின்றது. “‘உங்க பெரியம்மா கடிச்சுப் பாத்து விட்ட காய்டி. அக்கா நாக்கு தப்பாது. என் நாக்குதான் கெட்டுப் போச்சு, காய்ச்சல் வரப்போகுது போல’ன்னு சொல்லுச்சு. இன்னுங்கொஞ்சம் மிளகாப்பொடியத் தொட்டுத் தின்னுச்சு.”

கசப்பு என்று தங்கையின் நாக்கு சொல்லியிருக்கிறது. மூன்று வாரம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அதை வாயடைக்க வைத்தது விஷமும் இல்லை, கீறலும் இல்லை, தாளின் அடியில் ரெஜினா போட்ட கையெழுத்து. அவள் தன் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தாள், ரத்தம் கரிக்கும் வரைக்கும் கடித்தாள். அப்போதும் அது அவள் சொன்னபடி கேட்கிற நல்ல நாக்காகத்தான் இருந்தது.

தை பிறந்ததும் புதிய காய்கள் வந்தன. காம்போடு நாலாகக் கீறி, ஈரச் சாக்கில் எட்டு மணி நேரம் நிறுத்தி வைத்த இருபது பிஞ்சுகள். நிவேதன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ரெஜினா முதல் காயைக் காம்புப் பக்கமாகக் கடித்தாள்.

கசக்கவில்லை. அடுத்ததும் கசக்கவில்லை. இருபதும் அப்படியே, அம்மா காலத்துப் பிஞ்சு மாதிரி, பாலாக இருந்தன. ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஜெனிதாவுக்குக் கிடைக்காத காய் வேறு யாருக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்து எழுதுகோலை எடுத்தாள். எடுத்தவள் தாளில் வைக்கவில்லை. ஒரு துண்டைக் கிள்ளி, சுவரோரம் போகிற எறும்புச் சாரியின் நடுவில் போட்டாள்.

சாரி ஒரு கணம் கலைந்தது. பிறகு துண்டை விட்டு ஒரு சாண் தள்ளி வளைந்துகொண்டு போனது.

“சார், விஷம் போயிருச்சா?”

நிவேதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஈ சாகுதுக்கா.”

“அது கேக்கல நான்.”

“மேல போன கோப்புக்குப் பேரே கசப்புப் புகார். கசப்பை எடுக்கச் சொன்னாங்க. எடுத்தாச்சு. விஷத்தை எடுத்தா ஈயை யாரு பாத்துக்கிறது? கீறி விக்கத்தான் தடை இருக்கே, யாரும் அப்படிச் சாப்பிடப் போறதில்லன்னு சொல்றாங்க.”

“திருட்டுத்தனமா விக்கிறாங்க சார். ஓடுற பஸ்ல ஏறி விக்கிறாங்க. நேத்துகூடப் பாத்தேன். அவங்க வேற எங்க போவாங்க? முன்னாடியாவது கசந்துச்சு. துப்பறவன் துப்பியிருப்பான்.”

ரெஜினா தாளை இழுத்தாள். ஒன்று முதல் இருபது வரை, நிறுத்தி நிதானமாக, பெருக்கல் குறி போட்டாள். அவள் தாளில் எழுதிய முதல் பொய் அதுதான். அடியில் கையெழுத்தும் போட்டாள்.

நிவேதன் இருபது காய்களையும் ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தார். இருபதுக்கும் சுழி வந்தது.

“கருவியைப் பழுது பாருங்க சார்,” என்றாள் ரெஜினா.

நிவேதன் அவளைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. அவளால் தாங்க முடியாததும் அதுதான். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“தங்கச்சி போனதுலேருந்து உங்க நாக்கு கெட்டுப் போச்சுக்கா. வீட்டுல இருந்து ஓய்வெடுங்க.”

மறுநாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பண்ணைக்கு வந்தபோது, அவளுடைய முக்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயசிருக்கும். பக்கத்தில் மோர்ச் செம்பு. அவள் பிஞ்சைக் காம்புப் பக்கமாகக் கடித்து, வாய்க்குள் எண்ணி, பதவிசாகத் துப்பினாள். நல்ல நாக்கு என்பது ரெஜினாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

“கசக்கல சார்,” என்று அந்தப் பெண் உண்மையைச் சொன்னாள்.